தூங்குமூஞ்சி மரத்துக்கு மஞ்சள் துணி

சூடம் எரிந்துகொண்டே என் வாயைப் பார்த்து வந்தது.

ஒரு வெற்றிலை, அதன் மேல் கட்டிச் சூடம். அதைப் பிடித்திருந்த கை சேகரனுடையது. சேகரன் மற்ற நாட்களில் எக்ஸ்கவேட்டர் ஓட்டுவார், வெள்ளிக்கிழமைகளில் பூசாரி. நல்ல மனிதர். என் நாக்கைச் சுடுவதில் அவருக்குத் தனிப்பட்ட ஆசை ஒன்றும் கிடையாது.

நான் தலைமுடியை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு, வேப்பிலையைக் கடித்தபடி, ஒரு கிழட்டுத் தூங்குமூஞ்சி மரத்தடியில் ஆடிக்கொண்டிருந்தேன். சுற்றிலும் ஜனம். உடுக்கை கொண்டுவர மறந்துவிட்டார்கள். அதனால் யாரோ ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அடித்தார்கள். வாளிக்கு ஆடுவது எவ்வளவு கஷ்டம் என்பது ஆடியவர்களுக்குத்தான் தெரியும்.

"நாக்க நீட்டு தாயே," என்றார் சேகரன்.

வந்திருப்பது மெய்ச் சாமியா, பொய்ச் சாமியா என்று பார்க்கிற பரீட்சை அது. விடை எனக்கு முன்பே தெரியும். பொய். என் வீட்டுக்காரருக்கும் தெரியும். அவர் தூரத்தில் ஒரு செம்பனை மரத்தின் பின்னால் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். என் நாத்தனார் பாக்கியம் அண்ணிக்கும் தெரியும். ஆட்டத்தில் அவிழக்கூடாது என்று சேலையை மூச்சு முட்ட இறுக்கிக் கட்டிவிட்டவரே அவர்தான்.

இந்தத் தொடரை ஆரம்பத்திலிருந்து படிக்கிறவர்களுக்கு நான் கொஞ்சம் வெட்கம் கெட்டவள் என்பது தெரியும். இருந்தாலும் அறுபது தாண்டிய பொம்பளை சாமி பேரில் நாடகம் போடுவதா என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. சூடம் அங்கேயே எரியட்டும். நான் முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

மூன்று கிழடுகள்

நாங்கள் பிறந்து வளர்ந்தது மலேசியாவில், கோலசிலாங்கூர் பக்கம் கோணப்பாலத் தோட்டத்தில். அது ரப்பராக இருந்து, எண்ணெய் எடுக்கிற செம்பனையாகி, பிறகு கைமாறி, கடைசியில் யாருடையது என்று யாருக்கும் நிச்சயமாகத் தெரியாத நிலைமைக்கு வந்துவிட்டது. தொழிலாளிகள் குடியிருந்த லயங்களை இடித்தாகிவிட்டது. லயம் இருந்த மேட்டில் மட்டும் செம்பனை நடவில்லை. அங்கே காடு மண்டிவிட்டது.

அந்தக் காட்டுக்குள்ளே மூன்று தூங்குமூஞ்சி மரங்கள் நின்றன. வெள்ளைக்காரன் காலத்து மரங்கள். என் மாமனார் அரைஞாண் கயிற்றோடு திரிந்தபோதே அவை கிழ மரங்கள்தானாம்.

தூங்குமூஞ்சி என்றால் குடை விரித்து நிற்கும் என்று நினைப்பீர்கள். இவை அப்படியில்லை. தோட்டத்துச் சனங்கள் இவற்றை மாடு எட்டாத உயரத்தில் வெட்டுவார்கள். அடியோடு அல்ல, தலையை மட்டும். கிளையெல்லாம் விறகுக்கு, தழையெல்லாம் ஆட்டுக்கு. மரம் திரும்பவும் துளிர்க்கும். சில வருசம் விட்டு மறுபடியும் வெட்டுவார்கள். இதற்குத் தலை கழிப்பது என்று பேர்.

அப்படி வெட்டி வெட்டி, அடிமரம் மட்டும் குட்டையாக, நாலு பேர் கை கோத்தாலும் கட்ட முடியாதபடி பெருத்துவிட்டது. வெட்டிய இடமெல்லாம் முண்டு முண்டாக இருக்கும். ஒன்றில் பெரிய பொந்து. சின்னப் பிள்ளையில் நான் அதற்குள் உட்கார்ந்துகொண்டு, போகிற வருகிறவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுவேன். பேய் என்று நினைத்து ஓடியவர்களில் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியும் உண்டு.

மழை வரப்போகிறது என்றால் இலையெல்லாம் மடங்கிக்கொள்ளும். கறுப்புக் காய் கீழே விழுந்து, செருப்பில் பிசின் மாதிரி ஒட்டும். அதன் தித்திப்பு வாசம் எங்கே வந்தாலும் எனக்கு அந்த மேடுதான் ஞாபகம் வரும்.

நடு மரத்தடியில்

பாக்கியம் அண்ணிக்கு முதலில் பிறந்தது ஆண் பிள்ளை. பல் முளைக்கும் முன்னாலேயே காய்ச்சலில் போய்விட்டது. அண்ணிக்கு அப்போது இருபதுகூட ஆகவில்லை. தோட்டத்தில் சின்னக் குழந்தைகளுக்குக் கல்லெல்லாம் வைக்க மாட்டார்கள். நடு மரத்தின் வேருக்குப் பக்கத்தில் குழி வெட்டிப் படுக்க வைத்தார்கள். அவ்வளவுதான். அந்தப் பிள்ளை இருக்கிற இடத்துக்கு அந்த மரம்தான் அடையாளம். போட்டோ கிடையாது, வேறு எதுவும் கிடையாது.

பிறகு அண்ணிக்கு ஒரு மகள் பிறந்து, வளர்ந்து, இப்போது புஞ்சாக் ஆலாமில் வீடு வாங்கி, அம்மாவையும் வைத்துக் காப்பாற்றுகிறாள். ஆனாலும் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவையாவது அண்ணிக்கு அங்கே போக வேண்டும். நாங்கள் புக்கிட் செந்தோசாவிலிருந்து கிளம்பி, அண்ணியை ஏற்றிக்கொண்டு போவோம். கார் ஓட்டுவது என் வீட்டுக்காரர். அவர் அண்ணிக்கு உடன்பிறந்த தம்பி.

அங்கே போய் அண்ணி அழ மாட்டார். பூ வைக்க மாட்டார். வேரில் உட்கார்ந்து, பிளாஸ்கிலிருந்து கோப்பி ஊற்றிக் குடித்துக்கொண்டே எல்லோரையும் ஏசுவார். மகளை, மருமகனை, மருமகன் வாங்கிய சோபாவை. ஏசி முடித்ததும் மரத்தில் ஒரு தட்டு தட்டிவிட்டு, "சரி, போலாம் லா," என்பார். முகம் தெளிந்திருக்கும்.

கார் துடைக்கிற சேலை

கோவிட்டுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு நாள். போய் இறங்கினால், மூன்று மரத்திலும் சிவப்புச் சாயத்தில் பெருக்கல் குறி. பக்கத்தில் குச்சி அடித்து நாடா கட்டியிருந்தது. ரோடு வருகிறதாம்.

அண்ணி யாரையும் ஏசவில்லை. கோப்பியும் ஊற்றவில்லை.

"மனு எழுதிப் போடலாம்," என்றார் என் வீட்டுக்காரர்.

"நீ எழுதி, அவன் படிக்கிறதுக்குள்ள தார் ஊத்தி முடிச்சிருவான்," என்றார் அண்ணி. பிறகு என்னைப் பார்த்தார். "சரசு, கார்ல மஞ்சத் துணி ஏதாச்சும் கெடக்கா?"

கிடந்தது. என்னுடைய பழைய நூல் சேலை. பின்பெட்டியில் கார் துடைக்க வைத்திருந்தோம்.

இதற்கு விளக்கம் தேவையில்லை. இந்த நாட்டில் மஞ்சள் துணி கட்டி, பொட்டு வைத்த மரத்தின் மேல் எந்த இனத்து ஓட்டுநரும் வாகனத்தை ஏற்ற மாட்டார். முதலாளி கத்தினாலும், 'நீயே வந்து ஏத்து, பாஸ்' என்று சாவியை நீட்டிவிடுவார்.

சேலையை மூன்றாகக் கிழித்தேன். என் வீட்டுக்காரர் குறுக்கே வந்தார். "அதுல எஞ்சின் ஆயில் இருக்கு. சாமிக்கு ஆகாது."

"மை மாதிரி இருக்கட்டும். நீங்க தள்ளுங்க," என்றேன்.

அண்ணி கைப்பையிலிருந்து குங்குமம் எடுத்தார். நெத்திலி சம்பலுக்கு வாங்கியிருந்த எலுமிச்சம்பழத்தை வெட்டி வேரடியில் வைத்தேன். கால் மணி நேரத்தில் மூன்று மரமும் பார்க்கவே பயமாக இருந்தன. எனக்கே கும்பிடத் தோன்றியது. அண்ணிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. திரும்பி வரும்போது கோலசிலாங்கூரில் வண்டியை நிறுத்தி, எங்களுக்குச் சாப்பிட மீ கோரெங் வாங்கிக் கொடுத்தார்.

ஓட்டுநருக்கு வந்த பக்தி

மரத்தைத் தள்ள வந்த எக்ஸ்கவேட்டர் ஓட்டுநர்தான் சேகரன். பார்த்தவுடனே எஞ்சினை நிறுத்திவிட்டாராம். இறங்கிச் செருப்பைக் கழற்றி, மன்னிப்புக் கேட்டுவிட்டு, வீட்டுக்குப் போய்த் தலை முழுகியிருக்கிறார். அடுத்த வெள்ளிக்கிழமை பால் செம்போடு வந்து நின்றார். யார் யாரிடம் பேசினார்களோ, ரோடு அந்த மேட்டைச் சுற்றி ஒரு வளைவு வளைந்து போய்விட்டது.

அடுத்த தடவை நாங்கள் போனபோது காட்டுக்குள் சிமெண்ட் தரை. அதற்கடுத்த தடவை சிங்க் தகரக் கூரை, மணி, உண்டியல். மறுபக்கம் ஒரு சீன ஆன்ட்டி சிவப்புத் துணி கட்டி ஊதுபத்தி கொளுத்தினார். லாட்டரிக்கு நாலு நம்பர் கேட்டு வந்தவர்கள் மரப்பட்டையைப் போனில் படமெடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தார்கள். குரங்குகளுக்குத் தகவல் போய், பூசை முடிவதற்குள் வாழைப்பழம் முடிந்துவிடும்.

"ஒன் சேலைக்கு வந்த வாழ்வப் பாத்தியா," என்றார் அண்ணி. ஆனால் அவருக்கு உள்ளூரச் சந்தோஷம்தான். "புள்ளைக்குத் துணையாச்சு. மணிச் சத்தம் கேக்குது. வெள்ளிக்கெழம தவறாம பாலு," என்று காரில் வரும்போது தானாகச் சொன்னார்.

இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். சாமி வந்து ஆடுவதெல்லாம் நாடகம் என்பது அண்ணியின் தீர்மானமான கட்சி. அதற்குக் காரணம் எங்கள் வேலாயுதம் சித்தப்பா. தோட்டத்துத் திருவிழாவில் வருசம் தவறாமல் அவருக்குச் சாமி வரும். வந்த சாமி வருசம் தவறாமல் நாட்டுக்கோழி கேட்கும். சின்னம்மா வீட்டில் கோழி அடிக்க விடமாட்டார், முட்டை போய்விடும் என்று. சாமி கேட்டால் என்ன செய்வது? ஒரு வருசம் சின்னம்மா, "சாமி, கோழி இல்ல, கருவாடு இருக்கு," என்று சொல்லிப் பார்த்தார். சாமி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "கத்திரிக்கா போட்டு வையி," என்றது. அன்றிலிருந்து அண்ணி யார் ஆடினாலும் கை கூப்ப மாட்டார்.

மாரிமுத்து செருப்பைக் கழற்றினார்

நாங்கள் செய்த முட்டாள்தனம் எங்களுக்குப் புரிய நாலைந்து வருசம் ஆயிற்று.

அந்தப் பக்கம் மாரிமுத்து என்று ஒருவர் ஆடு வளர்க்கிறார். எங்கள் தோட்டத்துக்காரர்தான், ஐம்பது வயதிருக்கும். லயம் போன பிறகும் அவர்தான் அவ்வப்போது அந்த மரங்களில் ஏறிக் கிளையைக் கழித்து ஆட்டுக்குப் போடுவார். யாரிடமும் கேட்க மாட்டார், சொல்லவும் மாட்டார். அதனால் நாங்கள் அதை ஒரு வேலையாகவே நினைத்ததில்லை.

மஞ்சள் துணி ஏறிய நாளிலிருந்து மாரிமுத்துவும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட ஆரம்பித்துவிட்டார். கத்தியை மரத்துப் பக்கமே கொண்டுவரவில்லை. மரமோ வெட்டுக்குப் பழகிய மரம். தலை கழிக்காமல் விட்டால் முண்டிலிருந்து கிளைகள் பனங்கட்டை கனத்துக்குப் பெருக்கும். உள்ளே அடிமரம் பொந்து. எவ்வளவு நாள் தாங்கும்?

போன வருசம் ஒரு காற்று மழையில் முதல் மரம் நடுவாக்கில் பிளந்து இரண்டு பக்கமும் விழுந்துவிட்டது. நாங்கள் போனபோது சேகரன் அதன் மேல் பால் ஊற்றி அழுதுகொண்டிருந்தார்.

அண்ணி நேராக நடு மரத்துக்குப் போனார். கிளைகள் பிரிகிற இடத்திலிருந்து கீழே ஒரு வெடிப்பு இறங்கியிருந்தது. அண்ணி கையை உள்ளே விட்டார். மணிக்கட்டு வரை போனது. வெளியே எடுத்தபோது விரலெல்லாம் ஈரமான மரத்தூள். அப்படியே வேரில் உட்கார்ந்துவிட்டார்.

"கத்தி வராமப் பாத்துக்கிட்டோம்டி சரசு," என்றார். "கத்திதான் இத உசுரோட வச்சிருந்துச்சு."

இது பிளந்து விழுந்தால் மறுநாளே அப்புறப்படுத்திவிடுவார்கள். அண்ணிக்குப் பிள்ளை இருந்த இடம் எது என்று காட்டக்கூட ஒன்றும் மிஞ்சாது.

சேகரனிடம் போய்க் கேட்டோம். கிளையை மட்டும் கழித்துவிடலாம், மரம் பிழைக்கும் என்று பக்குவமாகச் சொன்னோம். அவர் காதைப் பொத்திக்கொண்டார்.

"சாமி தலையில கத்தி வைக்கிறதா? என்னம்மா பேசுறீங்க?"

அண்ணி உண்மையைப் போட்டு உடைத்தார். "தம்பி, அது சாமியும் இல்ல, ஒண்ணும் இல்ல. இவ கார் தொடைக்கிற சேலை. நாங்கதான் கட்டுனோம்."

சேகரன் கோபப்படவில்லை. சிரித்தார். "ஒங்க கையால கட்ட வச்சது யாரும்மா? அதுதான் அவளோட வேல. சாமியே கேட்டா வெட்டுவேன். மனுசங்க சொல்லி வெட்ட மாட்டேன்."

எங்கள் சேலையே எங்களுக்கு எதிராகச் சாட்சி சொன்னது.

சந்தனத் தலைகள்

அன்றைக்குத் திரும்பும் வழியில் ரொட்டியும் டீயும் விற்கிற ஒரு மாமாக் கடையில் நிறுத்தினோம். அண்ணி ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தார், வாயில் வைக்கவில்லை. பக்கத்து மேசையில் கோயிலுக்குப் போய் வந்த ஒரு குடும்பம். அப்பாவும் இரண்டு பிள்ளைகளும் மொட்டை, தலை நிறையச் சந்தனம். சின்னது தலையைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தது.

எனக்குப் பொறி தட்டியது.

"அண்ணி, நம்ம ஆளுங்க சாமிக்கு முடி குடுக்கிறோம். சாமிக்கே முடி எறக்கணும்னு ஆசை வந்தா?"

அண்ணி ரொட்டியைக் கீழே வைத்தார். "யாரு கேக்குறது? சாமியா வந்து கேக்கப்போவுது?"

நான் டீயை எடுத்துக் குடித்தேன். அண்ணி என்னையே பார்த்தார். பிறகு அவர் முகத்தில் பழைய களை வந்துவிட்டது.

"என்னால முடியாது. நான் ஆடுனா ஒருத்தனும் நம்ப மாட்டான். ஒனக்குத்தான் வெக்கமே கெடையாது."

என் வீட்டுக்காரர் டம்ளரை டொக்கென்று வைத்தார். "இதுல என்னை இழுக்காதீங்க. கார் ஓட்டுவேன், அவ்வளவுதான்."

அதன் பிறகு அண்ணி வீட்டு வரவேற்பறையில், அந்தச் சோபாவை ஓரம் தள்ளிவிட்டு ஒத்திகை. "டிவி பாக்குற மாதிரி நிக்காத. கண்ணு மேல போகணும். அய்யோ, அப்படி இல்ல, அது மயக்கம் போடுறவ கண்ணு." சாமி பேரை மட்டும் சொல்லிவிடக்கூடாது என்பது அண்ணியின் கண்டிப்பான உத்தரவு. "பேரச் சொன்னா அந்தச் சாமிக்குக் கோவம் வரும். நமக்கு எதுக்கு வம்பு? யாருன்னு கேட்டா, தெரியலையாடான்னு திருப்பிக் கேளு." நம்பாதவருக்கு இவ்வளவு பயம் எதற்கு என்று நான் கேட்கவில்லை.

எல்லாம் ஒத்திகை பார்த்தோம். சூடத்தை மட்டும் மறந்துவிட்டோம்.

நாக்கு

ஆடி வெள்ளி, நண்பகல். இப்போது சூடத்துக்கு வரலாம், பாவம், இவ்வளவு நேரமாக எரிகிறது.

சின்ன வயதில் திருவிழாக்களில் பார்த்திருக்கிறேன். நாக்கை எச்சிலால் நன்றாக நனைத்துக்கொண்டு, வாங்கியவுடன் வாயை மூடிவிட வேண்டும். காற்றில்லாமல் அணைந்துவிடும். தத்துவம் எல்லாம் சரிதான். வாய்தான் பயத்தில் வறண்டு போயிருந்தது.

ஓடிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். கூட்டத்தின் முன்னால் அண்ணி நின்றார். அவர் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னாலிருந்த அந்த வெடிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாக்கை நீட்டினேன். வாங்கினேன். மூடினேன். அணைந்தது. அணைவதற்குள் அது செய்ய வேண்டியதைச் செய்துவிட்டது. கண்ணில் தண்ணீர் கொட்டியது. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

"யாரு வந்திருக்கிறது?" என்றார் சேகரன்.

"பாத்தா தெரியலையாடா ஒனக்கு?"

"தெரியுது தாயே. என்ன கொறை? பூசையில கொறை வச்சேனா?"

"பூசையெல்லாம் சரிடா. தலை கனக்குது. எத்தனை வருசமாச் சொமக்கிறேன். முடி எறக்குங்கடா." நாக்கு வெந்து போயிருந்ததால் முடி என்பது ஏதோ மாதிரி வந்தது. அதுவே பாதி வேலையைச் செய்தது. என் சொந்தக் குரல் மாதிரியே இல்லை.

வாளிக்காரர் அடிப்பதை நிறுத்திவிட்டார். பின்னாலிருந்து ஒருத்தர் போனை நீட்டிக்கொண்டு வந்தார். "சாமி, ஒரு நாலு நம்பர் மட்டும்..."

"செருப்பக் கழட்டிட்டு வந்து கேளுடா," என்றேன். அவர் பதறிக்கொண்டு வெளியே ஓடினார். திரும்பி வரவில்லை.

இத்தோடு நான் மயங்கி விழ வேண்டும். அதுதான் திட்டம். விழுவதற்கு நல்ல இடமாகப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அண்ணி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். இது ஒத்திகையில் இல்லை. வந்தவர் என் முன்னால் நின்று இரண்டு கையையும் கூப்பினார்.

"சாமி," என்றார். மெதுவாகத்தான் கேட்டார். "கீழ ஒரு புள்ள படுத்திருக்கான். சின்னப் புள்ள. இவ்வளவு கனம் ஆயிருச்சே இந்த மரம். அவனுக்குப் பாரமா இருக்கா?"

நான் ஆட்டத்தை மறந்து நின்றுவிட்டேன். என்னைத் தெரிந்தவர். சேலையைக் கட்டிவிட்டவர். நான் யார் என்று அவரைவிட யாருக்குத் தெரியும்? ஆனாலும் கேட்டார். இத்தனை வருசமாக அந்த வேரில் உட்கார்ந்து, சோபாவை ஏசிக்கொண்டே இதைத்தான் மனசுக்குள் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். கேட்பதற்கு ஓர் ஆள் இல்லை.

எனக்கு அழுகை வந்துவிட்டது. நிஜ அழுகை. சாமி அழுகிறது என்று ஜனமும் சேர்ந்து அழுதது.

"இருந்துச்சு," என்றேன். "இனிமே இருக்காது."

அண்ணி தலையை ஆட்டிக்கொண்டு பின்னால் போய்விட்டார். நான் விழுந்தேன். நல்ல இடமாகப் பார்க்காமல்தான் விழுந்தேன்.

மடி

அடுத்த வெள்ளிக்கிழமை முடி இறக்க நாள் குறித்தார்கள். அந்த வாரம் முழுக்க நான் கஞ்சி மட்டும் குடித்தேன். ஒரு வாரம் நான் பேசாமல் இருந்தது கல்யாணமான நாளிலிருந்து இதுதான் முதல் தடவை என்று என் வீட்டுக்காரர் பக்கத்து வீட்டில் சொல்லியிருக்கிறார்.

சேகரன் எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் இல்லை. புது வேட்டி, வாழையிலை, ஒரு வாளி நிறையச் சந்தனம். வெட்டுகிற இடத்திலெல்லாம் பூச வேண்டுமே. மாரிமுத்து தலைக்கு ஊற்றிக்கொண்டு, பாராங் கத்திக்கும் செயின்சாவுக்கும் விபூதி பூசிக் கொண்டுவந்தார். அவருடைய ஆடுகளைத் தூரத்தில் கட்டியிருந்தார்கள். தழை வருகிறது என்று அவற்றுக்கு எப்படியோ தெரிந்து, பூசை மந்திரத்துக்கு மேல் கத்தின.

எல்லாம் தயாரான பிறகு சேகரனுக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"மொத முடின்னா மடியில வச்சுத்தானே எடுக்கணும்? தாய்மாமன் வேணுமே. சாமிக்குத் தாய்மாமனுக்கு எங்க போறது?"

கூட்டம் இதை மிகவும் அக்கறையாக எடுத்துக்கொண்டது. பெருமாள் கோயிலில் போய்த் துளசி மாலை வாங்கிவந்து அந்த இடத்தில் வைக்கலாம் என்றார் ஒருவர். அதற்கு இன்னொருவர், அம்மனுக்குப் பெருமாள் அண்ணன் முறை, மாமன் முறை இல்லை என்று சண்டைக்குப் போனார். மூன்றாவது ஆள், முறையெல்லாம் அப்புறம், பெருமாள் என்று பேர் உள்ளவர் யாராவது உட்கார்ந்தால் போதும் என்றார். பெருமாள் ஒருவர் இருந்தார். தஞ்சோங் காராங்கிலிருந்து வந்தவர். சந்தோஷமாகக் கையைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்தார்.

"நீங்க இருங்க," என்றது ஒரு குரல்.

என் வீட்டுக்காரர். செம்பனை மரத்தின் பின்னாலிருந்து வந்துகொண்டிருந்தார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். அவருக்கு முட்டி வலி, தரையில் உட்கார்ந்து பல வருசம் ஆகிறது. மரத்தைப் பிடித்துக்கொண்டு, மெல்ல மெல்ல இறங்கி, அந்த வேரடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். வேட்டியை இழுத்து மடியைச் சரி செய்துகொண்டார்.

"தாய்மாமன் நான்தான்," என்றார்.

"எந்த மொறையில அண்ணே?" என்று சேகரன் கேட்டார். மாரிமுத்து அவர் தோளில் கை வைத்துப் பேசாமல் இருக்கச் சொன்னார். மாரிமுத்து எங்கள் தோட்டத்துப் பிள்ளை. மரத்தடியில் படுத்திருக்கிற பிள்ளையின் கதையைக் கேட்டு வளர்ந்தவர்.

அண்ணிக்கு அந்தப் பிள்ளை பிறந்தபோது என் வீட்டுக்காரர் அரை டவுசர் போட்ட பையன். முதல் முடி எடுக்க மடி கொடுக்க வேண்டியவர் இவர்தான். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. எனக்குக் கல்யாணமாகி இத்தனை வருசத்தில் இவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. கார் ஓட்டுவார், காரிலேயே இருப்பார். இவருக்கு மனசில் ஒன்றும் இல்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மாரிமுத்து தாழ்வாக இருந்த ஓர் இளங்கிளையைக் கத்தியால் ஒரே வெட்டாக வெட்டி, தழையோடு அவர் மடியில் கொண்டுவந்து வைத்தார். காற்றில் இலை அசைந்தது. என் வீட்டுக்காரர் அதன் மேல் உள்ளங்கையை வைத்து லேசாக அழுத்திப் பிடித்துக்கொண்டார். அண்ணி நின்ற இடத்திலேயே வாயைப் பொத்திக்கொண்டார்.

அவர் குனிந்து, மடியைப் பார்த்துப் பேசினார். பக்கத்தில் நின்ற எங்களுக்கு மட்டும்தான் கேட்டது.

"ஆச்சு ராசா, ஆச்சு. தலைய ஆட்டாத. மாமாதான் புடிச்சிருக்கேன்ல."